ஈரமணலில் பத்து விரல்

கொள்ளிடத்தில் தண்ணீர் வற்றியதும் மணல் இரண்டு விதமாகப் பிரிந்து கிடக்கும். ஊற்றுக்குப் பக்கத்தில் கருத்து, இறுகி, மிதித்தால் தடம் மட்டும் விழுகிற ஈரமணல். அங்கிருந்து நாலடி தள்ளிப் போனால் கணுக்கால் வரை புதைகிற காய்ந்த மணல். இரண்டும் சேர்கிற கோடு அன்றைக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, அங்கேதான் எங்கள் டிரில் சார் துண்டைப் போடுவார். "கைக்கு ஈரம், முதுகுக்குக் காஞ்சது. இந்தக் கோட்டை விட்டு எங்கயும் போவாதீங்கடா" என்பார்.

1984, தை மாதம். நாங்கள் ஆறு பேர், எல்லோரும் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி ஆண்டு விழாவில் பையன்களை ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிப் பிரமிடு கட்டுவார்கள். அதன் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொருவன் கை ஊன்றித் தலைகீழாக நிற்க வேண்டும். அதற்கு ஆள் பொறுக்க வந்த சார், வகுப்பில் ஒல்லியாக இருந்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். "இந்த வருஷம் நடக்காது. அடுத்த வருஷமும் நடக்காது. அதுக்கப்புறம் பாக்கலாம். பொறுமை இருக்கிறவன் நாளைக்குக் காலைல அஞ்சரைக்குப் பாலத்துக்கடியில வா" என்றார். பள்ளி மைதானம் செம்மண்ணும் சரளையும். அங்கே விழுந்தால் எலும்பு முறியும். அதனால்தான் ஆறு.

சார் ஐம்பதுகளில் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய கல்லூரி அது. பக் 1943லேயே காலமாகிவிட்டதால் சார் அவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் 'பக் துரை' என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தாழும். அங்கே அவர் கற்றுக்கொண்டு வந்தது ஒரு வித்தையை அல்ல, ஒரு முறையை. பெரிய காரியத்தை நறுக்கிச் சின்னதாக்கு. ஒவ்வொரு துண்டுக்கும் நாள் குறி. முடிந்ததை எழுதி வை. எழுதியதைப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடு. ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார். முதல் பக்கத்தில் பதின்மூன்று வரிகளை அவரே எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு வரிக்கும் 'நிலை' என்று பெயர்.

ஏன் பதின்மூன்று என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, தெரிந்திருந்தது. ஸ்ரீரங்கத்தில் பல நூறு ஆண்டுகளாக மொட்டையாக நின்ற ராயர் கோபுரம் அப்போதுதான் ராஜகோபுரமாக எழும்பிக்கொண்டிருந்தது. 1979இல் வேலை தொடங்கியிருந்தார்கள். பதின்மூன்று நிலை. ஆற்று நடுவில் நின்று தெற்கே திரும்பினால், தென்னந்தோப்புகளுக்கு மேலே சாரத்தோடு அது தெரியும். வாரம் முழுக்கப் பார்த்தாலும் ஒன்றும் மாறாதது போல இருக்கும். அறுவடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால், ஏதோ ஏறியிருக்கும்.

முதல் நிலை, விழுவது. ஒரு மாதம் முழுக்க நாங்கள் கை மேல் நிற்கவே இல்லை, விழுந்துகொண்டே இருந்தோம். நின்றபடி குனிந்து, கை ஊன்றி, மோவாயை நெஞ்சில் ஒட்டி, முழங்கையை மெல்ல மடக்கி, பிடரி, தோள், முதுகு என்ற வரிசையில் மணலில் உருள வேண்டும். உச்சந்தலை தரையில் படவே கூடாது. அது ஒரு வழி. இன்னொன்று, கால் மேலே போய் அந்தப் பக்கம் சாயும்போது ஒரு கையை எடுத்து முன்னே வைத்து, சக்கரம் மாதிரி பக்கவாட்டில் திரும்பி இறங்குவது. வலப்பக்கம் ஐம்பது, இடப்பக்கம் ஐம்பது. நோட்டில் எழுதியாக வேண்டும். காலை எட்டு மணிக்குள் காதிலும் மூக்கிலும் மணல். வீட்டில் அம்மா என் டவுசர் பையைத் திருப்பி உதறினால் ஒரு கைப்பிடி தேறும்.

அந்த மாதத்தை அன்றைக்கு வீண் என்றுதான் நினைத்தோம். இத்தனை வருஷம் கழித்து, அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாடம் என்று உறுதியாகச் சொல்வேன். கை மேல் நிற்கத் தெரியாதவனைத் தடுப்பது பலக்குறைவு அல்ல, பயம். இடுப்பு தோளுக்கு மேலே வரும் அந்த இடத்தில், அடுத்தது என்ன ஆகும் என்று தெரியாத உடம்பு தானாகவே கால்களைக் கீழே இழுத்துக்கொள்ளும். எப்படி விழுவோம் என்று தெரிந்த உடம்பு மேலே போகும். சார் இதை விளக்கிச் சொன்னதே இல்லை. விழச் சொன்னார், அவ்வளவுதான்.

பிறகு மணிக்கட்டு. முட்டி போட்டு, உள்ளங்கை இரண்டையும் ஈரமணலில் அழுத்தி, தோளை விரல் நுனி தாண்டி முன்னே கொண்டுபோய்ப் பின்னே கொண்டுவருவது. விரல்கள் நம்மைப் பார்க்கத் திருப்பி வைத்து அதையே மறுபடி. கைமுதுகைத் தரையில் வைத்து மெல்ல. தினமும் பத்து நிமிடம், எந்த நிலைக்குப் போனாலும் இது உண்டு. மூன்று நாள் பயிற்சி, நாலாம் நாள் ஓய்வு. ஓய்வு நாளில் ஆற்றுக்கு வந்தவனை சார் திருப்பி அனுப்பிவிடுவார். மல்லாந்து படுத்து, இடுப்பின் பள்ளம் மணலில் ஒட்டும்படி வயிற்றை இறுக்கி, தோளையும் காலையும் மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டு கிடப்பதற்குத் 'தோணி' என்று பெயர் வைத்திருந்தார். முப்பது எண்ணும்வரை. அந்தத் தோணியை அப்படியே நிமிர்த்திக் கவிழ்த்தால் கை மேல் நிற்கிற உருவம் வரும். முதுகை வில்லாக வளைத்து நிற்பதுதான் அழகு என்றிருந்த காலத்து ஆள் அவர், அவருடைய பழைய போட்டோவில் அப்படித்தான் நிற்கிறார். எங்களுக்கு மட்டும் நேர்கோட்டைச் சொல்லிக் கொடுத்தார். காலம் மாறியதைக் கவனித்து, தான் கற்றதைத் திருத்திக்கொண்டு கற்பிக்கிற ஆசிரியரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சுவருக்குப் பாலத்தின் தூண். 1928இல் கட்டிய இரும்புப் பாலம். திருவானைக்காவலையும் நம்பர் ஒன் டோல்கேட் பக்கத்தையும் இணைத்து, வடக்கே போகிற பஸ்ஸும் லாரியும் அதன் மேல்தான் போகும். தூணுக்கு முதுகு காட்டிக் குந்தி, கையை ஊன்றி, பாதங்களைத் தூணில் வைத்து ஒவ்வொரு அடியாக மேலே ஏற்ற வேண்டும். கால் ஏற ஏற, கைகள் தூணை நோக்கிப் பின்னே நகர வேண்டும். முதலில் தூணுக்கும் கைக்கும் நடுவே மூன்று சாண். இரண்டு மாதம் கழித்து ஒரு சாண். அப்போது வயிறும் மூக்கும் ஏறத்தாழத் தூணைத் தொடும். மேலே லாரி போனால் அந்த அதிர்வு பாதம் வழியாக இறங்கி, இடுப்பு, விலா, தோள் என்று வந்து உள்ளங்கைக்குப் போகும். சார் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவார். அவர் எண்ணும் வேகம் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. "பதினெட்டு... தோளைக் காதோட ஒட்டு... பூமியத் தள்ளுடா, அது கீழ போவணும்... பத்தொம்பது..."

பூமியைத் தள்ளு. அந்தச் சொல்லை இப்போதும் உடம்பால் கேட்கிறேன். எழுதும்போதே தோள் இரண்டும் மேலே ஏறுகின்றன.

இனிச் சொல்லப்போவதுதான் நான் விட்டுவிட்டு வந்தது.

தூணை விட்டு வெளியே வந்து, ஒரு காலை உதைத்து எழும்பிப் பழகும் நிலை வந்தது. வலக்காலில் ஐந்து, இடக்காலில் ஐந்து, அதற்கு மேல் கூடாது. ஒவ்வொரு உதைக்குப் பிறகும் சார் எங்களைப் பார்க்க மாட்டார். நாங்கள் எழுந்து மணலைத் தட்டிக்கொள்வதற்குள், ஈரமணலில் பதிந்த எங்கள் கைத்தடத்துக்குப் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்துவிடுவார். ஆள்காட்டி விரலால் அந்தப் பள்ளங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். நாங்களும் சுற்றி உட்காருவோம்.

விரல் நுனிகள் ஆழமாக அமுங்கி, உள்ளங்கையின் அடி மேலாக இருந்தால், கால் அந்தப் பக்கம் சாயப் போயிருக்கிறது, விரலை அழுத்தி நிறுத்தப் பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். உள்ளங்கையின் அடி ஆழமாகவும் விரல் இருந்த இடம் வழவழவென்றும் இருந்தால், உதைப்பு போதவில்லை, மேலே போய்ச் சேராமலே திரும்பி வந்திருக்கிறான். வலக்கைத் தடம் இடக்கைத் தடத்தைவிட ஆழமாக இருந்தால் தோள் ஒருபக்கம் சரிந்திருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் அடியில் மணல் அமுங்காமல் சுண்டுவிரல் பக்கம் மட்டும் அமுங்கியிருந்தால், எடையை வெளிப்புறமாக வாங்கியிருக்கிறான், நாளைக்கு மணிக்கட்டு வலிக்கும். "உனக்கு நாளைக்கு லீவு" என்பார், அவன் வலிக்கிறது என்று சொல்வதற்கு முன்பே. தடத்தின் ஓரம் கலைந்து, மணல் பிதுங்கியிருந்தால் கை ஒருமுறை இடம் பெயர்ந்திருக்கிறது. எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ரேகை பார்க்கிறவர்கள் கையைப் பார்ப்பார்கள். சார் கை விட்டுப்போனதைப் பார்த்தார்.

நாம் காலால் நிற்கும்போது கணுக்கால் செய்கிற வேலையை, கை மேல் நிற்கும்போது மணிக்கட்டு செய்கிறது. நின்ற இடத்தில் அசையாமல் இருப்பது போலத் தெரிகிறவன் உண்மையில் ஒவ்வொரு நொடியும் சாய்ந்துகொண்டும் மீண்டுகொண்டும் இருக்கிறான். முன்னே சாய்ந்தால் விரலை அழுத்துகிறான், பின்னே சாய்ந்தால் உள்ளங்கை அடியை அழுத்துகிறான். அந்தச் சின்னச் சின்னத் தவறுகளும் திருத்தங்களும் எல்லாம் ஈரமணலில் எழுதப்பட்டிருந்தன. ஒரு தடத்தைப் பார்த்து எங்களுக்குள்ளேயே வாசிக்கப் பழகிக்கொண்டோம். "டேய், உன் நடுவிரல் மட்டும் எறங்கியிருக்கு பாரு, மத்தது தூங்குது" என்று ஒருவன் சொன்னால் அடுத்த உதைப்பில் அவன் மற்ற விரல்களை எழுப்பிவிடுவான். பிறகு சார் உள்ளங்கையால் அந்தத் தடத்தைத் தடவி அழித்து, ஊற்றிலிருந்து ஒரு கை தண்ணீர் எடுத்துத் தெளித்து, தட்டிச் சமமாக்கி, "ம், அடுத்தவன்" என்பார். சிலேட்டைத் துடைத்துக் கொடுப்பதைப் போல.

1985 சித்திரையில் முதல்முறையாகத் தனியாக நின்றேன். சாரின் எண்ணிக்கையில் மூன்று. நோட்டில் '3' என்று இருக்கிறது, பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பம். அடுத்த நாள் பூஜ்யம். அதற்கடுத்து இரண்டு. வைகாசியில் ஏழு. ஆடி பிறந்ததும் மேட்டூரில் திறந்து விட்ட தண்ணீர் முக்கொம்பில் மிஞ்சினால் கொள்ளிடத்துக்குத் திரும்பும். அப்புறம் மாதக்கணக்கில் ஆறு எங்களுக்கு இல்லை. அம்மா மண்டபத்தில் ஊரே பெருக்குக் கொண்டாடும்போது, நாங்கள் ஆறு பேர் மட்டும் வீட்டுச் சுவரில் கால் வைத்தபடி தை மாதத்துக்காகக் காத்திருப்போம். தண்ணீர் போய் மணல் வெளியே வரும்போது அது புது மணலாக இருக்கும். ஊற்று வேறு இடத்தில், கோடு வேறு பக்கத்தில். முதல் நாள் போனதும் பழைய இடத்தைத் தேடுவோம், கிடைக்காது. 'புது நோட்டு வந்திருச்சு' என்று சார் ஆற்றைத்தான் சொல்வார்.

1987 மாசியில் ஆண்டு விழாப் பிரமிடின் இடது ஓரத்தில் நின்றேன். கைதட்டினார்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

சொல்ல வேண்டியது மார்ச் 25. ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம். பிளஸ் டூ தேர்வுச் சமயம். ஸ்ரீரங்கத் தீவு முழுக்க ஜனம். பாலத்தின் மேல் நடந்தே ஆயிரக்கணக்கானவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சார் எங்களை ஆற்று நடுவுக்குக் கூட்டிப் போனார். அதுவரை கை மேல் நிற்கும்போது இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே மட்டுமே பார்க்க வேண்டும் என்பது சட்டம். கண்ணை அங்கே ஊன்றினால்தான் உடம்பு நிற்கும். பார்வையை எடுத்தால் நிலை குலையும். பதின்மூன்றாம் நிலை அந்தப் பார்வையை எடுப்பது. தலையைக் கைகளுக்கு நடுவே நேராக விட்டு, எதிரே பார்ப்பது.

"எல்லாம் வடக்க பாத்து நில்லுங்க" என்றார். கோபுரம் தெற்கே இருந்தது. புரியாமல் பார்த்தோம். "கோபுரத்துக்கு முதுகக் காட்டு. ஏறினப்பறம் அது உன் முன்னாடி வரும்" என்றார். ஏறினேன். கட்டைவிரல் நடுவே ஐந்து எண்ணும்வரை பார்த்தேன். பிறகு மெல்லத் தலையை விட்டேன். மணல் மேலே போய் வானமாகக் கவிந்துகொண்டது. வானம் கீழே ஆறாக விரிந்தது. அதில், தென்னை மரங்களின் கொண்டைகளுக்குக் கீழே, சாரம் பிரித்த கோபுரம் 236 அடியும் தலைகீழாக இறங்கிக் கிடந்தது, கலசங்கள் ஆழத்தில். எட்டு வரை எண்ணினேன் என்று நினைக்கிறேன். பிறகு தோள் நடுங்கியது, சக்கரமாக இறங்கினேன். சார் எண்ணவில்லை. அவர் என் பக்கம் பார்க்கவும் இல்லை. கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

அந்த ஜூனில் படிக்கச் சென்னைக்கு வந்தேன். அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தைகள். ஊருக்குப் போகிறபோதெல்லாம் ஆற்றுக்குப் போனேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை. இரண்டு முறையோ மூன்று முறையோ போனேன். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று சாரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் 2003இல் காலமானார். போன் வந்தது, போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டுதான் தமிழக அரசு ஆற்று மணல் குவாரிகளைத் தானே எடுத்து நடத்தத் தொடங்கியது. என் மனதில் இந்த இரண்டு செய்திகளும் ஒன்றாகவே பதிந்துவிட்டன.

சில ஆண்டுகள் கழித்துச் சென்னைப் புறநகரில் ஒரு வீடு வாங்கினோம். கட்டிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் போய் நின்றேன். பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. சலித்துக் குவித்திருந்த மணலில் கையை வைத்தேன். அந்த நிறம், அந்த நறநறப்பு. "எந்த ஊர் மணல் மேஸ்திரி?" என்று கேட்டேன். "திருச்சி மணல் சார். இதான் ஒசத்தி" என்றார், நான் தரத்தைச் சந்தேகிக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு. குவியலின் ஓரத்தில் தண்ணீர் சிந்தி ஈரமாகியிருந்த இடத்தில் உள்ளங்கை இரண்டையும் வைத்து அழுத்தி எடுத்தேன். பத்து விரலும் பதிந்தன. மேஸ்திரி பார்க்கிறாரே என்று அழித்துவிட்டேன்.

அந்த வீட்டின் படுக்கையறைச் சுவரில் பதினைந்து வருஷம் கால் வைத்து நின்றிருக்கிறேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரவு பத்து மணிக்கு மேல், அறுபது வரை எண்ணி. சுவரை விட்டு வெளியே வந்து தனியாக நிற்கவும் முடிந்தது, ஆனால் தரை டைல்ஸ். டைல்ஸில் கை எந்தத் தடமும் விடாது. இன்று ஏன் விழுந்தேன், நேற்று எதனால் நின்றேன் என்று இறங்கி வந்து குந்திப் பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது. விழவும் முடியாது. ஒருபக்கம் கட்டில், ஒருபக்கம் பீரோ. விழ இடமில்லாத இடத்தில் நான் சுவரை விட்டு வெகுதூரம் போகவே இல்லை.

2016இல் ரியோ ஒலிம்பிக்கில் திபா கர்மாகர் வால்ட் தாண்டியதை ராத்திரி விழித்துப் பார்த்தேன். 15.066 புள்ளி, நான்காம் இடம், வெண்கலத்துக்கு 0.150 குறைவு. நாடு முழுக்க அவர் காற்றில் போட்ட இரண்டு கரணத்தைப் பேசியது. நான் பார்த்தது அதற்கு முந்திய நொடியை. ஓடி வந்து இரண்டு கையும் மேடையில் பட்டுத் தள்ளும் அந்தக் கணத்தில் அந்தப் பெண் கை மேல் நிற்கிறாள். அதன் பிறகு ஜிம்னாஸ்டிக்ஸ் கூடங்களைப் பற்றித் தேடிப் பார்த்தபோது, புதிதாக ஒன்றைப் பழகுகிறவர்கள் விழுவதற்கென்றே நுரைப்பஞ்சுத் துண்டுகளை நிரப்பிய பெரிய குழி வைத்திருப்பதைத் தெரிந்துகொண்டேன். லட்சக்கணக்கில் செலவழித்து அதைக் கட்டுகிறார்கள். கரைக்குக் கரை அப்படி ஒன்று எங்களுக்கு ஆண்டுதோறும் புதிதாக நிரப்பப்பட்டு, இலவசமாகக் கிடந்தது. நாங்கள் அதை மணல் என்றோம்.

2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம். பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். போக்குவரத்து ஏற்கெனவே பக்கத்தில் கட்டிய புதுப் பாலத்துக்கு மாறியிருந்தது. சில நாளில், 22ஆம் தேதி, முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. தண்ணீர் வடிந்ததும் ஊருக்குப் போனேன். என் கால்களுக்கு முதல் சுவராக இருந்த தூண் நின்ற இடத்தைத் தேடினேன். நின்றுகொண்டிருந்த மற்றத் தூண்களின் அடி, நான் சிறுவனாக இருந்தபோது மணலுக்குள் புதைந்து கிடந்த பகுதி, என் தலைக்கு மேலே தெரிந்தது. நாங்கள் குந்தி உட்கார்ந்து கைத்தடம் பார்த்த தரை இப்போது காற்றில் இருக்கிறது.

ஆற்றுக்குள் இறங்கி நடந்தேன். பெரும்பாலும் களிமண், நாணல், முள். அங்கங்கே மெல்லிய மணல் படலம், கையால் தள்ளினால் கீழே கெட்டித் தரை. மேட்டூர் அணை 1934இல் வந்த நாளிலிருந்தே மேலேயிருந்து வரும் மணலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வருவது குறைந்த ஆற்றிலிருந்து எடுப்பது மட்டும் கூடிக்கொண்டே போனது. எடுத்ததில் ஒரு பங்கு என் படுக்கையறைச் சுவரில் இருக்கிறது. அதை நான் மறந்துவிட்டுப் பேச முடியாது.

2021இல் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண் அழுத்தம் பார்த்தார்கள். 21க்குள் இருக்க வேண்டியது எனக்கு 27. கிளாக்கோமாவின் தொடக்கம். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, உடற்பயிற்சி ஏதாவது செய்வீர்களா என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "தலை கீழே போனால் கண்ணுக்குள் அழுத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். இனிமேல் கூடாது சார். சுவர்கூட வேண்டாம்" என்றார். அவர் சொன்னது சரி. அன்றோடு நிறுத்திவிட்டேன். என்னைப் போல நாற்பதைத் தாண்டியவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுக் கை ஊன்ற நினைத்தால், முதலில் கண் அழுத்தத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள்.

இரவு பத்து மணி ஆனால் இன்னமும் உள்ளங்கை குறுகுறுக்கும். எழுந்து போய்ச் சுவரில் கையை மட்டும் வைத்து நிற்பேன், நேராக, கால் தரையில். தோளைக் காதோடு ஒட்டித் தள்ளுவேன். சுவரின் பூச்சு குளிர்ச்சியாக இருக்கும். விரல் நுனியில் கொஞ்சம், உள்ளங்கை அடியில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அழுத்திப் பார்ப்பேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு விளக்கை அணைத்துவிடுவேன். என் ஏக்கமெல்லாம் கை மேல் நிற்பதற்காக இல்லை. அது எனக்கு முப்பத்தைந்து வருஷம் கிடைத்தது, போதும். நான் விழுந்து எழுந்ததும் ஒருவர் வந்து குந்தி உட்கார்ந்து என் தடத்தை விரலால் தொட்டுப் பார்ப்பாரே, அதற்காக. பார்த்துவிட்டு அழித்து, தண்ணீர் தெளித்து, இன்னொரு முறை தருவாரே, அதற்காக.

நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பதின்மூன்று வரிகளில் பன்னிரண்டுக்கு எதிரே சாரின் சுருக்கொப்பம். பதின்மூன்றாவதுக்கு இல்லை. அன்றைக்கு நோட்டைக் கொண்டுபோகவில்லை.

நாம் ஆறு பேர். கடைசியாக ஒன்றாக இருந்தது அந்தக் கும்பாபிஷேகக் காலைதான். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களில் யாராவது இதைப் படித்தால், உங்கள் நோட்டை எடுத்துப் பாருங்கள். பதின்மூன்றாம் வரிக்கு எதிரே சார் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று சொல்லுங்கள். இன்னும் கை மேல் நிற்க முடிகிறவர் யாராவது இருந்தால், எந்த ஆற்றிலாவது கொஞ்சம் ஈரமணல் இருந்தால், ஒருமுறை ஏறி இறங்கி, அந்தத் தடத்தை அழிக்காமல் விட்டுவிட்டு வாருங்கள்.